உட்கார்ந்த இடத்திலிருந்து ஊர் பார்த்த கதை

போன மாதம் என் மனைவிக்கு முழங்கால் வலி அதிகமாகி, டாக்டர் படி ஏறக்கூடாது, அதிக நேரம் நிற்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். தஞ்சாவூர்க்காரிக்குப் பெரிய கோயிலுக்குப் போகாமல் இருப்பதென்றால் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். விடுமுறைக்கு வந்திருந்த பேரன், "பாட்டி, நீங்க இங்கேயே உக்காந்து பாருங்க" என்று செல்போனை அவள் கையில் கொடுத்தான். போனை வலப்பக்கம் திருப்பினால் திருச்சுற்று மாளிகை, இடப்பக்கம் திருப்பினால் விமானம், மேலே தூக்கினால் வானம், கீழே இறக்கினால் கல் தரை. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடி கோயில் முற்றத்தில் நிற்கிற மாதிரியே இருந்தது.

அவள் ஒரு சுற்று சுற்றிவிட்டு, "தலை கிறுகிறுங்குது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "வாராஹி சந்நிதி எங்கே? அந்தப் பக்கம் போகவே மாட்டேங்குதே" என்று கேட்டாள். "அங்கே நின்னு யாரும் எடுக்கலை பாட்டி. எடுத்தவங்க எங்கே நின்னாங்களோ அங்கேருந்துதான் பார்க்க முடியும்" என்றான் பேரன்.

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். பொதுப்பணித்துறையில் முப்பத்தைந்து வருஷம் வரைபட மேசையில் குனிந்து கிடந்த எனக்கு அந்தப் பதில் மனதில் தைத்துவிட்டது. நாங்கள் போடும் பிளானில் பார்க்கிறவர் எங்கே நிற்கிறார் என்ற கேள்வியே கிடையாது. சுற்றுப் படத்தில் அதுதான் முதல் கேள்வி. இந்த வகைப் படத்துக்கு இருநூறு வருஷத்துக்கு மேல் வரலாறு உண்டு. அதில் நம் பக்கத்து ஊர்களுக்கும் பங்கு இருக்கிறது. படித்ததையும், அதை ஒட்டி எனக்கு நேர்ந்ததையும் எழுதுகிறேன்.

ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியர் அயர்லாந்தில் பிறந்து ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் வாழ்ந்தவர். அந்த ஊரின் கால்டன் குன்றிலிருந்து தெரியும் காட்சியைச் சுற்றுமுற்றும் பார்த்து வரைந்தார். களத்தில் நின்று வரைவதற்குச் சின்னப் பையனாக இருந்த அவருடைய மகனும் உதவியிருக்கிறான். வளைந்த திரையில் சுற்றிலும் காட்சி தெரியும்படி வரைந்து காட்டும் முறைக்கு 1787-இல் பார்க்கர் காப்புரிமை வாங்கினார். 'எல்லாம்', 'காட்சி' என்ற பொருள் தரும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'பனோரமா' என்ற பெயர் சில வருஷங்களில் வழக்குக்கு வந்தது.

1793-இல் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் இதற்கென்றே வட்டமான கட்டடம் ஒன்றைக் கட்டினார். எனக்கு அதிகம் பிடித்தது அந்தக் கட்டடத்தின் வேலைதான். உள்ளே போகிறவர் முதலில் இருட்டான நடைவழியில் நடக்கவேண்டும். வெளித்தெரு மனதிலிருந்து மறைவதற்கும், கண் இருட்டுக்குப் பழகுவதற்கும் அந்த ஏற்பாடு. பிறகு படியேறி நடுவில் உள்ள மேடைக்கு வரவேண்டும். மேடையைச் சுற்றிக் கைப்பிடி இருப்பதால் படத்தின் பக்கத்தில் போக முடியாது. வெளிச்சம் மேலேயிருந்து விழும், ஆனால் எங்கிருந்து விழுகிறது என்று தெரியாது. தலைக்கு மேல் குடை மாதிரி ஒரு மறைப்பு படத்தின் மேல் விளிம்பை மறைத்துவிடும். கீழ் விளிம்பை மேடையே மறைத்துவிடும். படம் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று தெரியாததால் மனசு அதை நிஜம் என்றே எடுத்துக்கொள்ளும். பெரிய வட்டத்தில் தொங்கிய திரை சுமார் 10,000 சதுர அடி. ஒரு ஷில்லிங் கொடுத்துவிட்டு ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். கடற்படைக் கப்பல்களைக் காட்டிய படத்தைப் பார்த்த அரசி சார்லட்டுக்குக் கப்பலில் போனால் வருகிற குமட்டல் வந்ததாக ஒரு கதை சொல்வார்கள். என் மனைவிக்கு வந்த தலைசுற்றலுக்கு இருநூறு வருஷப் பாரம்பரியம் இருக்கிறது!

1863 வரை அங்கே பனோரமா காட்டினார்கள். பிறகு அந்த இடத்தில் ஒரு கத்தோலிக்கத் தேவாலயம் வந்தது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம்.

1799 மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டை விழுந்தது, திப்பு சுல்தான் இறந்தார். செய்தி கப்பலேறி இங்கிலாந்து போய்ச் சேரவே மாதக்கணக்கில் ஆன காலம் அது. அடுத்த வருஷமே, 1800-இல், லண்டன் லைசியம் அரங்கில் அந்தக் கோட்டைப் போர் மாபெரும் படமாக நின்றது. வரைந்தவர் ராபர்ட் கெர் போர்ட்டர். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்றுகூட இருக்காது. படம் சுமார் 120 அடி நீளம். முழு வட்டம் இல்லை என்றாலும் பார்ப்பவரை வளைத்துக்கொள்ளும் அளவுக்கு வளைவு. ஆறே வாரத்தில் வரைந்து முடித்தார் என்று சொல்கிறார்கள். அவர் அதுவரை ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. வந்து சேர்ந்த செய்திகளையும் கேட்ட விவரங்களையும் வைத்து வரைந்ததுதான்.

அந்தப் படத்தில் பார்ப்பவர் எங்கே நிற்கிறார்? கோட்டைச் சுவர் உடைந்த இடத்துக்கு எதிரே, உள்ளே பாய்கிற கம்பெனிப் படையின் பக்கம். நடுநாயகமாக வாளை உயர்த்திக்கொண்டு நிற்பவர் ஜெனரல் டேவிட் பேர்டு. கோட்டைக்குள் நின்று, வருகிறவர்களைப் பார்க்கும் கண் அந்தப் படத்தில் இல்லை. பேர்டின் பழைய கதையும் லண்டன்காரர்களுக்குத் தெரியும். 1780 செப்டம்பரில் நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் நொறுக்கியபோது பிடிபட்டவர்களில் அவரும் ஒருவர். அதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மூன்றரை வருஷத்துக்கு மேல் சிறையில் கிடந்தவர். சிறை கிடந்தவனே கோட்டையைப் பிடித்தான் என்பதைப் பார்க்க ஜனங்கள் முண்டியடித்ததில் ஆச்சரியம் இல்லை. அந்த மூலப்படம் பின்னாளில் தீயில் அழிந்துபோனது. அதைப் பார்த்துச் செதுக்கிய அச்சுப் படங்கள் மட்டும் மிச்சம்.

கதை இதோடு முடிந்திருந்தால் ஜெயித்தவன் படம் வரைந்தான் என்று விட்டுவிடலாம். ஆனால் அதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில், கோட்டைக்கு வெளியே இருக்கும் திப்புவின் கோடை மாளிகையான தரியா தௌலத்தில், இன்னொரு பெரிய படம் இருக்கிறது. 1979-இல் அலுவலக நண்பர்களோடு மைசூர் சுற்றுலா போனபோது அதன் முன்னால் நின்றேன். மாளிகையின் மேற்குச் சுவரில் புள்ளலூர்ப் போர்! திப்பு தான் ஜெயித்ததைத் தன் சுவரில் வரைய வைத்திருக்கிறார். சதுரமாக வளைக்கப்பட்டு நிற்கும் கம்பெனிப் படை, வெடித்துச் சிதறும் மருந்து வண்டி, பல்லக்கில் காயத்தோடு பெய்லி, நாலா பக்கமும் பாயும் குதிரைகள். அப்போது ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, பஸ் கிளம்பிவிடப் போகிறது என்று ஓடிவந்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்தச் சுவரில் பார்ப்பவருக்கென்று ஒரே ஓர் இடம் கிடையாது. கிட்டத்தில் இருப்பதும் எட்டத்தில் இருப்பதும், முன்னால் நடந்ததும் பின்னால் நடந்ததும் ஒரே சுவரில் அடுக்கடுக்காக இருக்கின்றன. நடந்து நடந்துதான் பார்க்கவேண்டும். ஆனால் பக்கம் மட்டும் நிச்சயமாகத் திப்புவின் பக்கம். வேடிக்கை என்னவென்றால், மங்கிப்போன அந்தச் சித்திரத்தைப் பிற்பாடு சீர்செய்ய வைத்தவர்கள் ஆங்கிலேயர்களே. கோட்டை விழுந்த பிறகு அந்த மாளிகையில் தங்கிய ஆர்தர் வெல்லெஸ்லி முதலில் செய்தார், பிறகு டல்ஹௌசி பிரபு காலத்தில் மறுபடி செய்தார்கள். திப்பு வரைய வைத்த படம் நிற்கிறது. லண்டன் படம்தான் போய்விட்டது.

அடுத்து, தஞ்சாவூர்க்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ளவேண்டிய ஒரு விஷயம். 1850-களில் கேமரா வந்துவிட்டது. மதராஸ் ராணுவத்தில் கேப்டனாக இருந்த லின்னேயஸ் டிரைப் என்பவரை மதராஸ் அரசாங்கம் தன் புகைப்படக்காரராக நியமித்தது. அவர் மாட்டுவண்டி யுகத்தில் பெட்டி பெட்டியாகச் சாமான்களைச் சுமந்துகொண்டு ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றி எடுத்த படங்களைச் சிலர் பார்த்திருப்பீர்கள். 1858-இல் நம் பெரிய கோயிலில் அவர் செய்த வேலைதான் விசேஷம். விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை வரிசையாக ஒட்டி ஒரே சுருளாக ஆக்கினார். நீளம் சுமார் 19 அடி. ஒரு படம் ஓர் அடிக்குச் சற்றுக் குறைவு.

பார்க்கர் செய்தது ஓர் இடத்தில் நின்று சுற்றிப் பார்ப்பது. டிரைப் செய்தது சுவரோடு சுவராக நகர்ந்து நகர்ந்து சேர்ப்பது. நாம் பிரகாரம் சுற்றுகிற மாதிரி. அங்கே கேமரா நிற்குமிடத்துக்கு முக்கியத்துவம் இல்லை, எழுத்து தெளிவாகத் தெரியவேண்டும், ஒரு துண்டும் விட்டுப்போகக்கூடாது, அவ்வளவுதான். பிற்பாடு 1886-இல் மதராஸில் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்ற ஹூல்ஷ் அந்தக் கோயிலின் கல்வெட்டுகளைப் படியெடுத்துப் படித்து, 1891 முதல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியாக வெளிவரச் செய்தார். ராஜராஜன் தன் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டில், அதாவது 1010-இல், விமானத்தின் உச்சிக்குக் கலசம் கொடுத்ததையும், அவனும் அவன் அக்கா குந்தவையும் கோயிலுக்கு என்னென்ன கொடுத்தார்கள் என்பதையும் நாம் இன்று நாள் கணக்கோடு சொல்ல முடிவது அந்தப் படிப்பினால்தான். டிரைப் எடுத்தபோது, அந்தக் கோயிலைக் கட்டியவன் யார் என்பதே சரியாகத் தெரியாமல் பல கதைகள் உலவின. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே ஒருவர் ஓர் எழுத்தையும் விடாமல் படம் எடுத்து வைத்தார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. இவ்வளவு நல்ல வேலைக்கு, செலவு ஜாஸ்தி என்று சொல்லி ஓரிரு வருஷத்தில் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். சர்க்கார் வேலையில் இருந்தவர்களுக்கு இது புதுக் கதை இல்லை.

பிறகு சினிமா வந்து வட்டக் கொட்டகைகளை மூட வைத்தது. சுற்றுப் படம் மறுபடி தலைதூக்கியது கம்ப்யூட்டரில். 1995-இல் ஆப்பிள் கம்பெனி வெளியிட்ட குவிக்டைம் விஆர் என்ற மென்பொருளில், மவுஸால் இழுத்தால் அறை சுழலும். 2007-இல் கூகுள் ஸ்ட்ரீட் வியூ அமெரிக்காவில் தெருத்தெருவாக ஆரம்பித்தது. அது பார்க்கரையும் டிரைப்பையும் ஒன்றாகச் சேர்த்த வேலை. ஓர் இடத்தில் நின்று சுற்றலாம், அம்புக்குறியை அழுத்தினால் அடுத்த இடத்துக்கு நகரலாம். நம் நாட்டில் 2011-இல் பெங்களூரில் ஆரம்பித்தபோது போலீஸ் நிறுத்தச் சொல்லிவிட்டது. 2022 ஜூலையில்தான் சென்னை உட்பட பத்து ஊர்களில் முறையாக வந்தது. நம் தெருவை யார் எங்கே நின்று படம் எடுக்கலாம் என்ற கேள்விக்கு அரசாங்கம் பதினொரு வருஷம் எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் பேரனிடம் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு பழைய ஞாபகம் வந்தது. நானும் ஒரு பனோரமா எடுத்திருக்கிறேன்!

1983-இல் எங்கள் கிராமத்து வீட்டை விற்க முடிவானது. அப்பா போய் ஆறு மாதம். பத்திரம் எழுதுவதற்கு முந்தின வாரம், நண்பரிடம் ஓர் ஆக்ஃபா கிளிக் கேமரா இரவல் வாங்கிக்கொண்டு போனேன். முற்றத்து நடுவில், துளசி மாடத்துக்குப் பக்கத்தில் நின்று சுற்றிச் சுற்றி எடுத்தேன். அந்த கேமராவில் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம்தான். எட்டு படம் வீட்டுக்கு, மிச்சம் நாலு குடும்பத்துக்கு என்று கணக்குப் போட்டேன். பிரிண்டுகளைச் செல்லோடேப் போட்டு ஒட்டினேன். சரியாகச் சேரவில்லை. ஒரு கவரில் போட்டு வைத்தது நாற்பது வருஷமாக அப்படியே கிடந்தது.

பேரன் அந்த எட்டையும் ஸ்கேன் செய்து மென்பொருளில் ஏற்றினான். அது சேர்க்கவே மாட்டேன் என்றது. காரணத்தை அவன் விளக்கினான். பக்கத்துப் பக்கத்துப் படங்கள் ஒன்றின்மேல் ஒன்று கால்வாசியாவது ஏறியிருக்கவேண்டும். இரண்டிலும் இருக்கிற தூணையோ ஜன்னலையோ அடையாளம் வைத்துத்தான் கம்ப்யூட்டர் தைக்கும். அந்த கேமராவின் லென்ஸ் ஒரு படத்தில் ஏறக்குறைய 42 டிகிரிதான் பிடிக்கும். எட்டு படம் என்றால் 336. முழு வட்டத்துக்கு 24 டிகிரி குறைகிறது, ஏறிக்கொள்வதற்கு ஒன்றுமே இல்லை. "பன்னிரண்டையும் வீட்டுக்கே எடுத்திருந்தீங்கன்னா அழகா சேர்ந்திருக்கும் தாத்தா" என்றான். அலுவலகத்தில் கோணமானியோடு வாழ்ந்தவன், முற்றத்தில் நாலு ஃபிலிம் மிச்சம் பிடித்துக் கோட்டை விட்டேன்.

கடைசியில் அவன் கையாலேயே ஒவ்வொன்றாக இடம் பார்த்து வைத்தான். சுற்றுப் படக் கோப்பு என்பது நீளம் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு இருக்கும் ஒரு தட்டைப் படம். பூமி உருண்டையைத் தட்டையாக உலகப் படம் போடுகிற மாதிரிதான். மேலும் கீழும் இருப்பது இழுத்துவிட்டாற்போல் தெரியும், பார்க்கும் மென்பொருளில் திறந்தால் மறுபடி உருண்டையாகிவிடும். எங்கள் படத்தில் மேலே வானமும் கீழே தரையும் இல்லை, நடுவில் ஒரு பட்டை மட்டும். ரேழிக் கதவு, கூடம், தாழ்வாரத் தூண்கள், சமையலறை வாசல் வரை வந்தது. அதற்கும் கொல்லைக்குப் போகும் நடைக்கும் நடுவில் ஓர் இடைவெளி. நான் அந்த இடத்தில் கொஞ்சம் அதிகமாகத் திரும்பியிருக்கிறேன். அங்கே என்ன இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு வரவில்லை.

கும்பகோணத்தில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்தேன். அவளுக்கு எண்பத்து நாலு. அந்த வீட்டை நினைவு வைத்திருப்பவர்களில் மூத்தவள் அவள்தான்.

"அங்கே தூணும் பக்கத்துல மோர் கடையற கம்பமும்டா. அம்மா சாயங்காலம் அங்கேதானே உக்காந்திருப்பா. அன்னிக்கும் அங்கேதான் உக்காந்திருந்தா. நீதான் வீட்டைப் படம் எடுக்கணும், எல்லாரும் ஒதுங்குங்கோன்னு எழுப்பி விட்டே" என்றாள்.

உண்மைதான். அம்மா இருக்கும் படங்கள் அந்த மிச்ச நாலில் இருக்கின்றன. திண்ணைக்கு முன்னால் நாற்காலி போட்டு, பட்டுப்புடவை கட்டி, விறைப்பாக. அம்மா தினமும் உட்காரும் இடத்தில் அம்மா இல்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பார்க்காமலே வரைந்தவரைப் பற்றி மேலே நக்கலாக எழுதினேன். நான் நேரில் நின்றே எழுப்பிவிட்டவன்.

பேரன், "அந்தக் கறுப்புப் பட்டையைக் கம்ப்யூட்டரே ஊகம் பண்ணி நிரப்பிடும், செய்யவா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அது ஏதோ ஒரு தூணை வரைந்துவிடும், நாளைக்கு என் கொள்ளுப்பேரன் அதை நிஜம் என்று நம்புவான். அதற்குப் பதிலாக இந்த மாதிரிச் சுற்றுலாப் படங்களில் தொட்டால் விவரம் வரும் புள்ளி வைக்க முடியுமாம். அந்தக் கறுப்பில் ஒரு புள்ளி வைத்து, அக்கா போனில் சொன்னதை அவள் குரலிலேயே பதிவு செய்து சேர்த்துவிட்டான். தொட்டால் அக்கா பேசுகிறாள்.

படிக்கும் நண்பர்களுக்கு, குறிப்பாகக் கிராமத்தில் இன்னும் வீடு வைத்திருப்பவர்களுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். இப்போது ஃபிலிம் செலவு கிடையாது. இரண்டு பக்கமும் லென்ஸ் வைத்த கேமராவில் ஒரே அழுத்தில் முழு வட்டமும் வந்துவிடும். அது இல்லையென்றால் சாதாரண போனே போதும், ஆனால் நின்ற இடத்தை விட்டு நகராமல், ஒவ்வொரு படமும் முந்தின படத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறும்படி எடுங்கள். ஓர் இடத்தோடு நிற்காதீர்கள். முற்றம், சமையலறை, கொல்லை என்று நாலைந்து இடத்தில் நின்று எடுங்கள். பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருங்குவதோடு, 'நான் சுற்றுப் படம்' என்று கோப்புக்குள் இருக்கும் குறிப்பும் போய்விடும். அந்தப் பக்கம் திறந்தால் சப்பையாக இழுத்த படமாகத்தான் தெரியும். என்றைக்கு, யார், எங்கே நின்று எடுத்தது என்பதை எழுதி வையுங்கள்.

எடுக்கும்போது அங்கே உட்கார்ந்திருப்பவரை மட்டும் எழுந்திருக்கச் சொல்லாதீர்கள்.

மனைவிக்கு முழங்கால் கொஞ்சம் தேவலை. வாராஹியைப் பார்க்க வண்டி வைத்து அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். போய்வந்து எழுதுகிறேன்.